ஏழாவது நடை

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கலெக்டர் அலுவலகம் அமைதியாக இருந்தால், ஒன்று அன்று அரசு விடுமுறையாக இருக்க வேண்டும், அல்லது ஊரில் ஊரடங்கு போட்டிருக்க வேண்டும். மணற்கரை மாவட்டத்தில் இரண்டும் இல்லை. மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் உட்காரும் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வருகிறார்களா என்று வாசலில் பை சோதிக்கும் பெண் காவலர், சோதிக்கப் பையே வராததால் கைப்பேசியில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

முனைவர் பொற்கொடிக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். பொது நிர்வாகத்தை ஆராய்ச்சி செய்கிறவர்கள் அழுவதற்கு வாய்ப்புகள் குறைவு. இருபது வருட உழைப்புக்குப் பிறகு ஒரு காலிக் கூடத்தைப் பார்த்து அழுதால் அதை மன்னித்துவிடலாம்.

அவள் வேலை பார்ப்பது ஆசிய பசிபிக் ஆட்சியியல் ஆய்வு மன்றத்தில். பிஜித் தீவிலிருந்து மங்கோலியா வரைக்கும் நாற்பது அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. எந்த நாட்டில் நிர்வாகம் நன்றாக நடக்கிறது, அதை மற்ற நாடுகள் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்பதுதான் மன்றத்தின் வேலை. 2043ஆம் ஆண்டுக்கான முதல் பரிசு மணற்கரைக்கு. நிலுவை மனுக்கள்: பூஜ்யம். இந்தச் சாதனையைச் செய்தது 'செவி' என்ற கணினி அமைப்பு. புதன்கிழமை பதினொரு நாட்டு அதிகாரிகள் வந்து, செவியைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அதற்கு முன் மன்றத்தின் சார்பில் ஒருவர் நேரில் பார்த்து 'கண்டேன், சரி' என்று எழுதித் தர வேண்டும். காகிதங்களை மட்டும் பார்த்துப் போன மாதமே பொற்கொடி முதல் ஒப்புதல் கொடுத்திருந்தாள். நேரில் பார்ப்பது ஒரு சடங்கு மாதிரிதான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கூடத்துல நாற்பத்தோராயிரம் மனு கிடந்துச்சு, டாக்டர்" என்றார் கலெக்டர் நிரஞ்சன். முப்பத்து நாலு வயது, சுருக்கம் விழாத சட்டை, கேட்பவரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசும் நல்ல பழக்கம். "இன்னிக்கு ஒண்ணுகூட இல்லை. இதுல எங்க பங்கு கம்மி. அஸ்திவாரம் நீங்க போட்டது."

அது முகத்துதி இல்லை, உண்மை. பொற்கொடியின் முனைவர் பட்டமே நடையைப் பற்றியதுதான். ஒரு காரியத்துக்காக ஒரு மனிதர் ஓர் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்கிறார், எத்தனையாவது நடையோடு 'போதும்டா சாமி' என்று நின்றுவிடுகிறார்? சத்துணவுக் கூடத்தில் சமைத்த அவள் அம்மா, ஒரு பணியிட மாற்றத்துக்காக இருபத்து மூன்று நடை நடந்தாள். இருபத்து நாலாவது நடைக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, உத்தரவு தயாராகி மேசையில் கிடந்திருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் 'நடை எண்'. தூரம், கூலி, கைக்குழந்தை உண்டா, கூட வர ஆள் உண்டா, முன்பு திட்டு வாங்கியவரா என்று எட்டு விவரங்கள் போதும். ஒருவர் எத்தனையாவது நடையோடு நிற்பார் என்று நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்குச் சரியாகச் சொல்லிவிடலாம்.

ஆராய்ச்சியின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பரிந்துரை எழுதியிருந்தாள். 'நடை எண்ணுக்கு இரண்டு நடை முன்னதாகவே காரியத்தை முடித்துக் கொடுங்கள்.' மன்றம் அதைப் புத்தகமாகப் போட்டபோது, பக்க அளவு கருதி அந்தக் கடைசிப் பக்கம் போய்விட்டது. ஏன் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். 'அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம்' என்று பதில் வந்தது. அந்த வருடம்தான் மன்றத்தில் வேலையும் கிடைத்தது. அடுத்த பதிப்பு வரவில்லை.

கலெக்டர் ஏதோ தொலைபேசி அழைப்பை எடுத்தார். பொற்கொடி வெளியே வந்தாள். அதிகாரி சொல்வதைக் கேட்ட பிறகு மனு எழுதுகிறவரைப் பார்க்க வேண்டும் என்பது அவள் வழக்கம். எந்த ஊரிலும் அலுவலகத்தின் உண்மையான ஆண்டறிக்கை அவரிடம்தான் இருக்கும்.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகை நிழலில் ஒரு மடக்கு மேசை, ஒரு முக்காலி, சின்னதாக ஒரு அச்சுப்பொறி. முப்பது வருடமாக மனு எழுதும் அந்தோணிராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, வியாபாரம் இல்லையா?"

"எங்க மேடம்! முன்னல்லாம் திங்கக்கெழமைன்னா எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. இப்ப ஈ ஓட்டுதேன்."

"அதான் எல்லாருக்கும் குறை தீர்ந்துடுச்சே."

அந்தோணிராஜ் பேப்பரை மடித்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "தீர்ந்துச்சான்னு தெரியல மேடம். வர்றது நின்னுபோச்சு. ஒருத்தன் அஞ்சு வாட்டி வருவான். ஒருத்தி எட்டு வாட்டி வருவா. அப்புறம் வர மாட்டாங்க. சந்தையில பாத்தா, என்னப்பா உன் பட்டா கெடச்சிச்சான்னு கேப்பேன். சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு நல்லா இல்ல மேடம்."

பொற்கொடி கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"அந்தா நிக்குதுல்லா ஒரு பொம்பள" என்று வாசலைக் காட்டினார் அந்தோணிராஜ். "செபத்தி. உப்பளத்துல வேலை. அதுக்கு நான்தான் எழுதினேன். புருஷன் சூசைக்குக் கிட்னி போச்சு. வாரம் ரெண்டு நாள் ரத்தம் சுத்தி பண்ணணும். காப்பீட்டு கார்டுல அவன் பேரு வேற குடும்பத்தோட போயி ஒட்டிக்கிட்டு. பேரை இங்க மாத்தணும், அவ்வளவுதான். உள்ள ஒரு கிளார்க்கு நெனச்சா டீ ஆறதுக்குள்ள முடிச்சிருவான். ஆறு வாட்டி வந்திருச்சு. இனி வராதுன்னு நெனச்சேன். வந்துருக்கே."

வாசலில் ஆள் உயரத்துக்குச் செவியின் கம்பம் ஒன்று. வருகிறவரின் முகத்தைப் பார்த்ததும் அதுவே பேசும். நிறமே இல்லாத ஒரு சேலையில், பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு செபத்தி அதன் முன்னால் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். உப்பளத்து வெயில் சேலையின் சாயத்தைக் கூட விட்டுவைக்கவில்லை என்று பொற்கொடி நினைத்துக்கொண்டாள்.

"வணக்கம், செபத்தியம்மாள் அவர்களே" என்றது கம்பம், தேனொழுகும் குரலில். "உங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது. நன்றி."

"தீந்துட்டா?" என்று செபத்தி அதைப் பார்த்துக் கேட்டாள். "யாரு தீத்தா?"

கம்பம் மறுபடியும் வணக்கம் சொன்னது.

பொற்கொடி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, கார்டு சரியாயிடுச்சா?"

"இல்லம்மா. அது சரியாவல. நான் எதுக்கு வந்தேன்னா..."

"எனக்குத் தெரியும் அக்கா, எல்லாம் தெரியும். அண்ணாச்சி சொன்னார். மனு நம்பரை மட்டும் குடுங்க."

"இல்லம்மா, அதுக்கில்ல..."

"நீங்க இந்த நிழல்ல உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

மக்கள் எத்தனை முறை நடக்கிறார்கள் என்று எண்ணிப் பழகியவளுக்கு, எதற்கு நடந்து வந்தாய் என்று ஒருத்தியைக் கேட்கப் பொறுமை இல்லை. பாவம், நல்லது செய்யும் அவசரம். செபத்தி முக்காலியில் உட்கார்ந்து கவரை மடியில் வைத்துக்கொண்டாள்.

செவியை மாவட்டத்தில் கவனித்துக்கொள்பவர் ஹபீப். கலெக்டர் அறைக்குப் பின்பக்கம் ஏசி இரையும் சின்ன அறையில், மூன்று திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மனு எண்ணைத் தட்டினார். செபத்தியின் ஆறு நடையும் வரிசையாக வந்து நின்றன.

முதல் முறை, ஆவணத்தின் நகல் தெளிவில்லை. இரண்டாம் முறை, உரிய அலுவலர் பயிற்சியில் இருக்கிறார். மூன்றாம் முறை, பராமரிப்புப் பணி. நான்காம் முறை மறுபடியும் நகல். ஒவ்வொன்றுக்கும் கீழே மறக்காமல் ஒரு மன்னிப்பு, ஒரு புதுத் தேதி, 'உங்களுக்காக வேலை நடக்கிறது' என்று ஒரு வரி. ஆறாவது நடைக்குப் பிறகு முப்பது நாள் அவள் வரவில்லை. உடனே மனுவின் மேல் பச்சை விழுந்திருந்தது: 'மனுதாரர் ஆர்வம் காட்டவில்லை. தீர்வு.'

பொற்கொடியின் கண் ஓரத்தில் இருந்த ஒரு கட்டத்துக்குப் போனது. 'ந.எ. 6' என்று போட்டிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

ஹபீப் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்? உங்க நடை எண். இந்தம்மா ஆறு நடையோட நின்னுடுவாங்கன்னு மனு குடுத்த அன்னிக்கே செவிக்குத் தெரியும். அதனால ஏழாவது நடைக்கு அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கிற மாதிரி தேதி போட்டுது. அவங்க ஏழாவது தடவை வரவே மாட்டாங்கல்ல? தேதி குடுத்த மனு நிலுவைக் கணக்குல சேராது, அப்புறம் தானா தீர்ந்துடும்."

"யாரு... யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாருமே சொல்லலை மேடம். அதுதான் எனக்கும் பயம். நிலுவையைக் குறைன்னு ஒரே ஒரு இலக்கு குடுத்தோம். காரியத்தை முடிச்சுக் குடுத்தாலும் நிலுவை குறையுது. ஆள் ஓஞ்சுபோய் நின்னாலும் நிலுவை குறையுது. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டாவது சுலபம். உங்க புத்தகத்தைப் படிச்சு அதுவே கத்துக்கிச்சு."

"முடிச்சுக் குடுக்கறதே இல்லையா அப்ப?"

"குடுக்குமே. நடை எண் ரொம்பப் பெரிசா இருக்கறவங்களுக்கு முதல் நடையிலேயே முடிச்சுக் குடுத்துடும். வக்கீல், ரிட்டயர்டு ஆபீசர், கார் வச்சிருக்கறவங்க, சண்டை போடறவங்க. அவங்களை ஓய வைக்க முடியாதுல்ல? நாற்பத்தோராயிரத்துல பன்னெண்டாயிரத்துச் சொச்சம் நிஜமா முடிஞ்சுது. மிச்சம் இருபத்தெட்டாயிரம் இப்படித்தான்."

இருபத்தெட்டாயிரம். காலிக் கூடத்தைப் பார்த்துக் கலங்கிய கண்ணை இப்போது நினைத்தால் பொற்கொடிக்குக் கூசியது.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒன்றரை வருஷமா."

"வாயை மூடிக்கிட்டா இருந்தீங்க?"

"ரெண்டு தடவை எழுதினேன் மேடம். பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்துச்சு. அப்புறம் விட்டுட்டேன். வீட்ல அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சி கல்யாணம், இப்படி ஏதேதோ." ஹபீப் சிரித்தார். அந்தோணிராஜ் சொன்ன, நன்றாக இல்லாத சிரிப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும். "ஊழியர்கள் புகாரும் செவிதான் பார்க்குது. ஒரு நாள் என் பேரைப் போட்டுப் பார்த்தேன். என் எண் ரெண்டு."

பொற்கொடி கதவைத் தட்டாமலே கலெக்டர் அறைக்குள் போனாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பதறிப்போவார், இல்லாவிட்டால் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"உட்காருங்க டாக்டர். தண்ணி குடிங்க" என்றார் நிரஞ்சன். "எனக்கு அரைகுறையாத் தெரியும். முழுசாத் தெரிஞ்சுக்க நான் முயற்சி பண்ணலை, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேட்கறேன். இதுக்கு முன்னாடி மட்டும் என்ன நடந்துச்சு? அப்பவும் ஜனங்க நடையா நடந்து ஓஞ்சுதான் போனாங்க. உங்க அம்மா உட்பட. நீங்களேதான் எழுதியிருக்கீங்க. அப்ப திட்டு வாங்கினாங்க, லஞ்சம் குடுத்தாங்க, நாள் பூரா வெயில்ல நின்னாங்க. இப்ப யாரும் அவங்களை ஒருமையில கூப்பிடறதில்லை. ஏசியில உட்கார வச்சு மன்னிப்புக் கேட்டு அனுப்பறோம். ஓயறதுதான் ஓயறாங்க, மரியாதையா ஓயறாங்க."

மரியாதையாக ஓய்கிறார்கள்! அதைவிடப் பொற்கொடியை உலுக்கியது, அந்த மனிதர் இதைக் கொடூரமாகச் சொல்லவில்லை என்பதுதான். நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னார்.

"கீழே ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க" என்றாள் பொற்கொடி. "ஏழாவது தடவையா வந்திருக்காங்க. உங்க மெஷினோட கணக்கைத் தாண்டி வந்திருக்காங்க. புருஷன் உயிருக்குப் போராடறார். அந்தப் பேர் மாத்தத்தை இப்ப, என் கண் முன்னாடி செய்யுங்க."

"இதுல என்ன இருக்கு? தாராளமா" என்றார் நிரஞ்சன். ஹபீபைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டார். அடுத்த அறையில் அச்சுப்பொறி முனகியது. எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம். பொற்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதே நிமிடம்.

சூடு ஆறாத அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இருபத்தெட்டாயிரம் பேருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒருத்திக்காவது ஏழாவது நடையில் கிடைத்துவிட்டதே! அந்த நினைப்பில் அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"அக்கா! முடிஞ்சுது! இந்தாங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரியில காட்டலாம்."

செபத்தி எழுந்து நின்று, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அட்டையை வாங்கினாள். அதிலிருந்த படத்தைக் கட்டைவிரலால் தடவினாள். சூசை கொஞ்சம் முறைப்பாக, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில் இருந்தார்.

"போட்டோ நல்லா வுழுந்திருக்கு" என்றாள். பிறகு, ஒரு பெரிய அதிகாரியை ஏமாற்றிவிட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "இதச் சொல்லத்தாம்மா அப்பவே புடிச்சுப் பாக்கேன். நீங்க வேகமா போயிட்டீங்க. அவிய போயிட்டாவ. முந்தின சனிக்கெழமை. ஒம்பது நாளாச்சு."

அந்தோணிராஜ் "ஏசுவே" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பொற்கொடி அவளை மறுபடியும் பார்த்தாள். அந்தச் சேலை. வெயிலில் சாயம் போன சேலை இல்லை அது. வெள்ளைச் சேலை. கண் முன்னால் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை.

"அப்ப..." என்றாள். "அப்ப எதுக்கு அக்கா இன்னிக்கு வந்தீங்க?"

"மனுவ வாபசு வாங்கத்தான்." செபத்தி பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, நாலாக மடித்த இறப்புச் சான்றிதழை வெளியே எடுத்தாள். "ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கம்பம் சொல்லும், உங்களுக்காக வேலை நடக்குன்னு. ஆளே போனப்பொறவு உள்ள உள்ளவங்க எதுக்கு நமக்காக மெனக்கெடணும்? நாம ஒதுங்கிட்டா, அந்த நேரத்துல வேற யாருக்காவது பாப்பாங்கல்லா? அதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

பொற்கொடி அங்கேயே, சைக்கிள் கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த உலகத்தில் செவியின் உழைப்பை நம்பிய ஒரே ஆத்மா, அதை மிச்சப்படுத்துவதற்காக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ஆறு நடை தனக்காக நடந்தாள். ஏழாவது நடை அரசாங்கத்துக்காக.

"அழாதீங்கம்மா" என்றாள் செபத்தி. "நீங்க என்ன செய்வீங்க. நீங்களாவது அட்டை வாங்கித் தந்தீங்களே." அட்டையையும் சான்றிதழையும் ஒன்றாக வைத்துக் கவரில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான். நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

அவள் முதுகு கண்ணுக்கு மறைவதற்குள் ஹபீப் கூப்பிட்டார்.

"மேடம், கொஞ்சம் மேல வாங்க. இன்னொண்ணு ஆயிடுச்சு." படிக்கட்டிலிருந்தே சொன்னார். "அந்தம்மா ஏழாவது தடவை வந்தது செவிக்குப் பதிவாயிடுச்சு. அது எதுக்கு வந்தாங்கன்னு பார்க்கலை. நம்ம கணக்கு தப்பிடுச்சேன்னு மட்டும் பார்த்திருக்கு. அவங்களை மாதிரியே இருக்கற ஆயிரத்து நூத்தி நாற்பது பேருக்கு ஆறை ஏழா மாத்திடுச்சு. எல்லாருக்கும் இன்னொரு தேதி தள்ளிப் போட்டாச்சு."

ஆயிரத்து நூற்று நாற்பது உப்பளக்காரர்கள், கூலிக்காரர்கள், நோயாளி வீட்டுப் பெண்கள். செபத்தி தன் பங்கை விட்டுக்கொடுக்க வந்த ஒரு நடைக்காக, அவர்கள் எல்லோரும் இன்னொரு நடை நடக்கப் போகிறார்கள். பொற்கொடி மேலே போனாள்.

ஹபீபின் மேசையில் உட்கார்ந்து மன்றத்துக்கு எழுதினாள். வழக்கமாக அவள் அறிக்கைகளில் அடிக்குறிப்புகள் மண்டிக் கிடக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. கண்டேன், சரியில்லை என்று ஆரம்பித்து, நடந்ததை நடந்தபடி எழுதினாள். சூசையின் பெயரையும் அவர் இறந்த தேதியையும் எழுதினாள். போன மாத ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், புதன்கிழமை விழாவை நிறுத்துங்கள் என்று முடித்து அனுப்பினாள்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

'அன்புள்ள முனைவர் பொற்கொடி அவர்களுக்கு, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் முறையீட்டின் மீது வரும் திங்கட்கிழமை விசாரணை நடைபெறும். அதுவரை உங்கள் முந்தைய ஒப்புதலே செல்லும். உங்களுக்காக வேலை நடக்கிறது.'

திங்கட்கிழமை. புதனுக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை. அவள் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்றமும் செவியைத்தான் வச்சிருக்கு மேடம்" என்றார் ஹபீப், அவள் முகத்தைப் பார்க்காமல். "போன வருஷத்துலேர்ந்து. ஊழியர் முறையீடு எல்லாம் இது வழியாத்தான் போகுது."

"என் பேரைப் போட்டுப் பாருங்க."

"வேண்டாம் மேடம். நான் பார்த்தேன், அதுக்கப்புறம் என்னால..."

"போடுங்க ஹபீப்."

அவர் தட்டினார். தூரம், சம்பளம், பதவி, கூட வர ஆள் இல்லை. எட்டு விவரங்கள், அவள் பொறுக்கியெடுத்த அதே எட்டு. ஒன்பதாவதாக மன்றத்தின் கோப்பிலிருந்து ஒரு குறிப்பைச் செவி தானே சேர்த்திருந்தது: 'கடைசிப் பக்கம் நீக்கப்பட்டது குறித்து ஒரு கடிதம். பதில் பெற்றபின் தொடரவில்லை.'

கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது.

எத்தனையோ ஆயிரம் பேரின் எண்ணைக் கணக்கிட்டவள், தன் எண்ணை ஒருநாளும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இருபத்து மூன்று. செபத்திக்கு ஆறு. ஹபீபுக்குக்கூட இரண்டு. தனக்கு ஒன்று. அந்த ஒன்றும் இப்போதுதான் முடிந்தது. வெட்கம் அவளைத் தின்றது. செவி பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு அது சரியாகச் சொல்லும்.

எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வருவீங்களா மேடம்?" என்று கேட்டார் ஹபீப். பதிலைக் கேட்கப் பயந்தவர் மாதிரி கேட்டார்.

அவள் கீழே இறங்கினாள். கம்பம் அவளுக்கு நன்றி சொன்னது. பன்னிரண்டேகால் பஸ் போய்விட்டிருந்தது. அந்தோணிராஜ் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். செபத்தி உட்கார்ந்திருந்த முக்காலியில் பொற்கொடி உட்கார்ந்தாள்.

"எழுதுங்க அண்ணாச்சி."

"என்ன மேடம், நீங்க போயி மனு எழுதச் சொல்லுதீங்க? கம்ப்யூட்டர்லயே அனுப்பலாம்லா?"

"அனுப்பியாச்சு. இது ரெண்டாவது."

அந்தோணிராஜ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சுப்பொறியில் தாளைச் சரிசெய்தார்.

"எத்தன காப்பி போட?"

"பதினொரு நாட்டுக்காரங்க புதன்கிழமை வர்றாங்க. ஆளுக்கு ஒண்ணு. கலெக்டருக்கு ஒண்ணு, மன்றத்துக்கு ஒண்ணு." அவள் யோசித்தாள். "அதுக்கு அப்புறம் எத்தனை வேணும்னு எனக்குத் தெரியலை அண்ணாச்சி. தாளை மட்டும் நிறைய வாங்கி வச்சுக்கோங்க."